அந்தக் குமிழைத் திருப்பிக் கொடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்த முறை என் முழங்கால் வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. கீபோர்டைப் பற்றி எழுதப் போகிறேன். கம்ப்யூட்டரில் தட்டுகிற கீபோர்டு இல்லை, பாட்டு வாசிக்கிற கீபோர்டு.

"ரிட்டயர் ஆன பிசிக்ஸ் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள், பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் ஆர்மோனியம் வாசித்தது யார் என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். சுமாராகத்தான் வாசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துருத்தியை அமுக்கிய இடது கையும் கட்டையைத் தொட்ட வலது கையும் ஒரு நாளும் என் கண்ணைத் துணைக்குக் கூப்பிட்டதில்லை. என் கண் முழுக்க உங்கள் மேல் இருந்தது. கடைசி வரிசையில் யார் யாரைக் கிள்ளினீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாசம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் கூழ் ஊற்றும் திருவிழா. ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டு வாசித்தவன் என் பழைய மாணவன். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனோடு படித்தவர்களுக்குப் பேர் தேவையும் இல்லை: முதல் பெஞ்சில், போர்டுக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து படித்த பையன். பத்தாவதில் கொஞ்சம் தெரிந்த பார்வை, பிளஸ் டூ முடிக்கும்போது முழுக்கப் போய்விட்டது. காது மட்டும் நம் பத்துப் பேர் காது. அந்தக் காதை வைத்துத்தான் இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறான்.

"சார், நம்ம ஊர்ப் பக்கம் வந்து வாசிக்கிறேன், நீங்க வரணும்" என்று போன் பண்ணினான். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

ஏழெட்டுப் பாட்டு நன்றாகப் போனது. ஒரு பெண் பாட வந்தாள், சின்ன வயசு. பாதிப் பாட்டில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஐந்து நிமிஷத்தில் திரும்ப ஓடியது. எல்லாரும் விட்ட பாட்டை முதலிலிருந்து எடுத்தார்கள். அவன் முதல் சுரத்தைத் தொட்டதுமே முகம் மாறியதை நான் பார்த்தேன். கரண்டு போய் வந்ததில் கீபோர்டு தன் ஞாபகத்தையெல்லாம் கழுவிவிட்டு, புதுசாய்ப் பிறந்த குழந்தை மாதிரி எழுந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்காக அவன் வைத்திருந்த டிரான்ஸ்போஸ், மைனஸ் ஐந்து, காணாமல் போய்விட்டது. தப்பு என்று அவனுக்கு அந்த நொடியே தெரியும். சரிசெய்யத்தான் வழியில்லை. ஏனென்றால் அந்தப் புதுக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்பது ஒரு கண்ணாடித் திரைக்குள், இரண்டு மெனு தாண்டி உட்கார்ந்திருக்கிறது. தொட்டால் மேடு பள்ளம் எதுவும் தெரியாத வழவழக் கண்ணாடி. பக்கத்தில் தபேலா வாசிக்கிறவரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்கு பாருங்க" என்று கெஞ்சுகிறான். அவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது.

வேறு வழியில்லாமல் கையையே நகர்த்தி, ஒரு கட்டையில் பழகிய பாட்டை ஐந்து கட்டையில் வைத்து வாசித்தான். பல்லவி தப்பியது. இடையிசையில் விரல் இடறியது. விசில் பறந்தது. அந்தப் பெண் பாதியில் நிறுத்திவிட்டு அழுதுகொண்டே இறங்கிப் போனாள். ராத்திரி ஒரு மணிக்கு மேடைக்குப் பின்னால் அவனுக்குப் பேசிய சம்பளத்தில் பாதியை எண்ணிக் கொடுத்தார்கள்.

"பாட்டு மறந்தா என் தப்பு சார். இதுவும் என் தப்பா?"

கடைசி பஸ் போய்விட்டதால் விடியும்வரை அந்தக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது மனசுக்குள் எழுதியதுதான் இந்தப் பதிவு.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். நம் ஊரில் பாடுகிறவர்கள் "எனக்கு ரெண்டு கட்டை", "எனக்கு அஞ்சரைக் கட்டை" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டையை எண்ணுகிற கணக்கு அது. ஸி என்றால் ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை. சுருதிக்கு நாம் வைத்த பேரே கையால் தொடுகிற மரத்துண்டின் பேர்தான். ஒரு ராத்திரிக் கச்சேரியில் இருபத்தைந்து பாட்டு, நாலைந்து பாடகர்கள், ஆளுக்கொரு கட்டை. அதனால் மேடையில் இருக்கிற கீபோர்டுக்காரன் ஒலியின் அளவுக்கு அடுத்தபடியாக அதிகம் மாற்றுவது இந்தச் சுருதியைத்தான். அதைப் போய் மெனுவுக்குள் வைத்தவரைக் கூழ் வார்க்கும் இடத்துக்கு ஒரு தரம் கூட்டிவந்து, மேடை ஓரத்தில் நிற்கவைத்துக் காட்ட வேண்டும்.

"எல்லாச் சுருதியிலும் நேராக வாசிக்கப் பழகினால் என்ன?" என்று கேட்கும் வித்வான்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். கிடாரில் கேப்போ மாட்டுகிறவரைப் பார்த்து இப்படி யாரும் கேட்பதில்லை. ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் பார்த்திருக்கிறீர்களா? கட்டைப் பலகை முழுவதையும் பிடித்து அப்படியே நகர்த்தி அடுத்த சுருதியில் உட்கார வைக்கலாம். பாடுகிறவர் குரலுக்கு ஏற்ப வாத்தியம் நகர வேண்டும் என்பதும், அதைக் கையாலேயே நகர்த்த முடிய வேண்டும் என்பதும் ஆர்மோனியம் செய்கிற தச்சருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு உதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மின்னணு சுருதிப் பெட்டி. பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்தார். அவர் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். அந்த வகைப் பழைய பெட்டிகளைக் கவனியுங்கள். சத்தத்துக்கு ஒரு குமிழ், சுருதிக்கு ஒன்று, சுருதியை நுணுக்கமாகச் சேர்க்க ஒன்று, வேகத்துக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற பாட்டிகூட ஓரக் கையால் திருகிச் சுருதி சேர்த்துவிடுவார். வாசிக்கத் தெரிந்தவர் வடிவமைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கீபோர்டும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. 1970-ல் வந்த மினிமூக் சிந்தசைசரில் ஒரு வேலைக்கு ஒரு குமிழ். திருகினால் ஒலி மாறும், பார்த்தாலே எது எங்கே நிற்கிறது என்று தெரியும். 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. அருமையான ஒலி, மறுக்கவில்லை. ஆனால் முகப்பில் குமிழ்களைக் காணோம். தட்டையான சவ்வுப் பட்டன்கள், இரண்டு வரி எழுத்துத் திரை, எல்லா அளவையும் மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். எதை மாற்ற வேண்டும் என்பதை முதலில் பட்டனில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகுதான் ஸ்லைடரைத் தள்ள வேண்டும். உள்ளே இருந்த ஒலி விற்றது, வெளியே இருந்த முகப்பும் கூடவே நாகரிகமாகிவிட்டது. நாலு வருஷம் கழித்து ரோலண்டு டி-50 வந்தபோது ஒலியை மாற்ற வசதியாக பிஜி-1000 என்று ஸ்லைடர்கள் நிறைந்த ஒரு பெட்டியைத் தனியாக விற்றார்கள். சோற்றை விற்றுவிட்டுக் கரண்டிக்குத் தனி விலை.

அந்த வழியின் கடைசி ஊர்தான் டச் ஸ்கிரீன்.

இப்போது என் தம்பி மகன், அமெரிக்காவில் சாஃப்ட்வேரில் இருப்பவன், கமெண்டில் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியும். "பெரியப்பா, குமிழுக்கு விலை ஜாஸ்தி. தேயும். உப்புக் காத்துல கரகரன்னு சத்தம் வரும். ஸ்கிரீன்ல ஆயிரம் விஷயம் வைக்கலாம்." தம்பி, குமிழ் கரகரக்கும் என்பதை உனக்கு முன்னாலேயே நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். பிளஸ் டூ லேபில் ரியோஸ்டாட்டை ஓட்டிய எல்லாருக்கும் தெரியும், குமிழுக்குள் இருப்பதும் அதன் சின்னத் தம்பிதான். ஒரு கரித் தடம், அதன்மேல் ஓடுகிற ஒரு தொடுமுனை. தடத்தில் தூசியும் உப்பும் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும், அதுதான் கரகர. கான்டாக்ட் கிளீனர் ஒரு அடி அடித்து நாலு தரம் இப்படியும் அப்படியும் திருகினால் பெரும்பாலும் தீர்ந்தது. அதற்கும் மசியாவிட்டால் செங்கல்பட்டு மெக்கானிக்கே புதுசு மாற்றிவிடுவார். திரை போனால்? போர்டையே மாற்ற வேண்டும் என்பார்கள், அதற்குள் அந்த மாடல் நின்று போயிருக்கும். உப்புக் காற்றைச் சாக்காகச் சொல்பவர்கள் உப்புக் காற்றில் வாழ்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. குமிழ் மாதிரியே இருக்கும், ஆனால் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. எங்கே நிற்கிறது என்று சொல்ல மறுபடி திரையைத்தான் பார்க்க வேண்டும். நான் கேட்பது பழைய ஃபேன் ரெகுலேட்டரை. நம் வகுப்பறையில் இருந்ததே, டக், டக், டக் என்று ஐந்து இடத்தில் உட்காரும், கடைசியில் முட்டி நிற்கும். இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டுகூட மூன்றில் வைக்கலாம். கரண்டு போய் வந்தாலும் ரெகுலேட்டர் மூன்றிலேயே நிற்கும். அதற்கு ஞாபக சக்தி எதுவும் தேவையில்லை, அதன் நிலையே அதன் ஞாபகம். பன்னிரண்டு இடத்தில் டக்கென்று உட்காரும் அப்படி ஒரு சுருதிக் குமிழ், கட்டை எண்ணோடு, முதல் எண்ணில் ஒரு சின்ன மேடோடு. இதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், ஒரு சுழல் சுவிட்ச் போதும். அது இருந்திருந்தால் அந்தப் பெண் அழுதிருக்க மாட்டாள்.

பார்வை இல்லாதவர்களுக்கு மட்டுமான பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். 2017 ஆகஸ்ட் 21-ல் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலை ஓட்டுகிற கட்டுப்பாடு டச் ஸ்கிரீனில் இருந்தது, எந்த இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதில் குழப்பம். காரணம் அது ஒன்று மட்டும் இல்லை, பயிற்சிக் குறைவும் இருந்தது. ஆனாலும் 2019-ல் அந்தக் கடற்படை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பழையபடி கையால் தள்ளுகிற நெம்புகோலையே வைக்கப் போவதாகச் சொன்னது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குக் கையில் தட்டுப்படும் பட்டன் இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. போர்க்கப்பலும் காரும் திரும்பி வருகிற நேரத்தில் நம் கீபோர்டு எதிர்த் திசையில் போகிறது.

மாமல்லபுரத்தில் சிற்பி கல் செதுக்குவதைப் பாருங்கள். கண் உளியின் தலையில் இருக்காது, கல்லில் இருக்கும். சுத்தி தலையைத் தானாகத் தேடிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் உளியின் தலை எங்கே என்று அவர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் எந்த மூக்கும் மூக்காக வந்திருக்காது.

சரி, அடுத்தது பிட்ச் பெண்ட் சக்கரம். கீபோர்டின் இடது ஓரத்தில், விட்டால் தானாக நடுவுக்கு வந்து நிற்கும் சின்னச் சக்கரம். சிலவற்றில் குச்சி போல இருக்கும். சுரத்தை வளைக்க அது. மேற்கத்திய இசைக்கு அது மேலே தூவுகிற கொத்தமல்லி. நமக்கு அதுவே உப்பு. வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஏன் விலக்கி வைத்திருந்தது? கமகம் வராது, சுரம் படிக்கட்டு மாதிரி தாண்டித் தாண்டிப் போகும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. அந்தக் குறைக்கு ஓரளவு மருந்து இந்தச் சக்கரம். கீபோர்டு சத்யா என்று நாம் அறிந்த கே. சத்யநாராயணன் முழுக் கர்நாடகக் கச்சேரியே கீபோர்டில் வாசிக்கிறார். வலது கை கட்டையில், இடது கை சுரத்தை வளைப்பதில். அந்த இடது கையை எடுத்துவிட்டால் தோடி என்ன ஆகும் என்று பாடத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏ.ஆர். ரகுமான் கன்டினுவம் என்ற, கட்டையே இல்லாமல் விரலை வழுக்கி வாசிக்கிற கருவியைத் தேடிப் போனதும் இந்த வளைவுக்காகத்தான் என்பது என் எண்ணம். அது எல்லாருக்கும் கட்டுப்படியாகிற விலை இல்லை.

அந்தச் சக்கரத்தைத்தான் விலை குறைந்த மாடல்களில் முதலில் வெட்டுகிறார்கள். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்கிறார்கள் போல. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் ஒரு பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தால் 'பல்' என்பதும் 'பல' என்பதும் ஒன்றாகிவிடும். ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று விட்டார்கள், அதற்கு ஒரு நியாயம் இருந்தது. பிளாஸ்டிக்கில் ஒரு சக்கரம் வைத்தால் என்ன பொத்துக்கொள்கிறது?

இன்னொன்று. வெளிநாட்டு வாத்தியம் எதையும் நாம் வந்த படியே வைத்துக்கொண்டதில்லை. பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே வயலினின் சுருதியையும் பிடிக்கிற விதத்தையும் மாற்றிக்கொண்டோம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பியை விட்டு ஐந்து கம்பிக்குப் போனார். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையே கமகத்துக்காகத் திருத்தினார். கீபோர்டை மட்டும் அப்படித் திருத்த முடியவில்லை. மரமோ கம்பியோ என்றால் தச்சரிடமும் பத்தரிடமும் போகலாம், இது சாலிடர் வைத்து மூடிய பெட்டி. அதனால் திருத்தம் தொழிற்சாலையிலேயே நடந்தாக வேண்டும்.

அந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது தெரியுமா? பழைய மாமல்லபுரம் சாலையில், திருப்போரூர் பக்கம். ஒன்ஹப் தொழிற்பூங்காவில் யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை, 2019 முதல் அங்கே கீபோர்டு தயாராகிறது. நம் மாவட்டம். நான் பாடம் நடத்திய பிள்ளைகளின் பிள்ளைகள் அந்தப் பூங்காவில் வேலைக்குப் போகிறார்கள், எனக்கு அதில் பெருமைதான். யமஹாவும் கேசியோவும் இந்தியாவுக்கென்றே தனி மாடல்கள் விற்கின்றன, உள்ளே தபேலா இருக்கிறது, தம்புரா இருக்கிறது. நல்ல காரியம். ஒரு கம்பெனியைக் குறிவைத்து நான் இதை எழுதவில்லை, அந்தக் குப்பத்துக் கீபோர்டு எந்தக் கம்பெனி என்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒலியில் காட்டிய அக்கறையைக் கை படுகிற இடத்திலும் காட்டினால் என்ன? முகப்பு பெரும்பாலும் உலகம் முழுக்கப் போகிற அதே முகப்புதான். அதில் கட்டை எண் இல்லை.

கருணை காட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, எல்லாருக்கும் ஏற்ற வடிவமைப்பு உள்ள நுகர்பொருட்கள் உருவாகவும் உற்பத்தியாகவும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நுகர்பொருளில் கீபோர்டு சேராதா? இந்தத் துறையின் சரித்திரத்திலேயே பார்வையற்ற ஒருவருக்குப் பெரிய இடம் உண்டு. 1982-ல் ஸ்டீவி வொண்டர், ரே குர்ஸ்வைல் என்ற பொறியாளரிடம் உண்மையான வாத்தியங்களைப் போல ஒலிக்கிற கீபோர்டு பற்றிப் பேசினார். அந்தப் பேச்சிலிருந்து 1984-ல் குர்ஸ்வைல் 250 பிறந்தது. கண் தெரியாதவர் கேட்டதால் வந்த வழியில் நடந்து வந்துவிட்டு, கண் தெரியாதவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணூறு ஒலிகளைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் உட்கார்ந்து தேடலாம். மேடையில் பாட்டு நடக்கும்போது கை தேடுகிற நாலு விஷயம் மட்டும் கைக்கு வேண்டும்: சத்தம், சுருதி, வளைக்கிற சக்கரம், அடுத்த பாட்டுக்கான ஒலி. அதோடு கரண்டு போனால் மறக்காமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

அவனுடைய பழைய கீபோர்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. செகண்ட் ஹாண்டில் வாங்கியது. டிரான்ஸ்போஸ் கூட்ட ஒரு பட்டன், குறைக்க ஒரு பட்டன், தனித்தனியாக, அமுக்கினால் உள்ளே போய் வெளியே வரும். அதன்மேல் எம்சீல் உருட்டிப் பொட்டு வைத்திருந்தான். கூட்டுவதற்கு ஒரு பொட்டு, குறைப்பதற்கு இரண்டு. பதினாலு வருஷம் அதை வைத்துத்தான் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தான். போன வருஷம் உள்ளே போர்டு துருப்பிடித்து, ரிச்சி தெருவில் கொடுத்தும் பிழைக்கவில்லை. கடன் வாங்கிப் புதுசு வாங்கினான். கடையில் "இதுதான் லேட்டஸ்ட்" என்றார்களாம். தடவிப் பார்த்திருக்கிறான். "எல்லாம் ஸ்கிரீன்லயே வந்துடும், ஈசி" என்று சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கீபோர்டு தயாரிக்கும் இடத்தில், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும், வேலை செய்கிற நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், முகப்பில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்று விசாரித்து எனக்குச் சொல்லுங்கள். கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், மூன்று பக்கம், முகவரிதான் தெரியவில்லை. ஜப்பானுக்குப் போக வேண்டுமென்றாலும் சரி, ஸ்டாம்ப் நான் ஒட்டிக்கொள்கிறேன்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கீபோர்டு எதுவும் துணி சுற்றிக் கிடக்கிறதா பாருங்கள். பிள்ளை நாலு நாள் வாசித்துவிட்டு விட்டது இருக்குமே. 61 கட்டை, நிஜப் பட்டன், இடது ஓரத்தில் சக்கரம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நான் எடுத்துப் போய்ச் சரிபார்த்துக்கொள்கிறேன். ஐப்பசியில் அவனுக்கு நாலு கச்சேரி ஒத்துக்கொண்டிருக்கிறது. எம்சீல் நேற்றே வாங்கி வைத்துவிட்டேன்.